எழுபது வயதில் வந்த அத்தை இங்கேயே தங்க முடியுமா?

கேள்வி: எங்கள் தாத்தா குடும்பம் இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1974இல் தாத்தா, பாட்டி, அப்பா மூவரும் இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்து கம்பத்தில் குடியேறினார்கள். அத்தைக்கு அப்போதே கல்யாணம் முடிந்திருந்தது. மாமாவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அத்தை அங்கேயே தங்கிவிட்டார். இப்போது அவருக்கு 71 வயது. மாமா இல்லை, பிள்ளைகளும் இல்லை. போன வாரம் இலங்கை பாஸ்போர்ட்டில், சுற்றுலா விசாவில் வந்து, "இனி உங்களோடயே இருந்துக்கிறேன்யா" என்கிறார். விசா முடிந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள், ஆதார் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். என்ன செய்யட்டும், வக்கீல் ஐயா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பம்

பதில்: அத்தையைக் கடைசிவரை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஆதார் யோசனை சொன்னவரின் பேச்சைக் கேட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

விசாவில் குறித்த நாளைத் தாண்டி ஒரு நாள்கூட அவர் இங்கே தங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, அனுமதிக் காலம் கடந்து தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தரப்பட்ட விலக்கு அத்தைக்குப் பொருந்தாது. ஆதார் குடியுரிமைக்குச் சான்றும் ஆகாது. விவரத்தை மறைத்து வாக்காளர் அட்டையோ இந்திய பாஸ்போர்ட்டோ எடுப்பது குற்றம். விசா முடியும் நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவச் சான்றோடு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் உடனே விண்ணப்பியுங்கள்.

அவருக்குரிய வழி, ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 7ஏ-யின்படி, 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளிக்கு உள்ள தடை இலங்கைக்கு இல்லை. அட்டை கிடைத்தால் ஆயுள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம், எத்தனை காலமும் தங்கலாம். ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. இலங்கைக் குடியுரிமை அப்படியே இருக்கும்.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இந்த அட்டைக்கு இங்கே விண்ணப்பிக்க முடியாது. அதனால் விசா முடியுமுன் அத்தை திரும்பிப் போய், கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வரத் தாமதமானால், இந்திய வம்சாவளியினருக்கான என்ட்ரி விசா கேட்கலாம். இந்த வயதில் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். வீட்டில் ஒருவர் கூடப் போய் வாருங்கள்.

ஆவணங்கள் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். முதலில், தாத்தாவின் 1974ஆம் வருட பாஸ்போர்ட். அடுத்து, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை. மூன்றாவது, அத்தையின் பிறப்புச் சான்று. தாத்தாவின் மகள் இவர் என்பதை அதுதான் காட்டும். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்து என்று இருக்கலாம். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள். பூட்டன் காலத்துப் பத்திரங்களில் 'மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கம்பம் அப்போது அதில்தான் சேர்ந்திருந்தது. தேனி மாவட்டம் பிரிந்தது 1990களில்தான்.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான். முழுக் குடியுரிமை வேண்டுமென்றால், ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்து ஆண்டு முடிந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கே வசித்தபின் பிரிவு 5(1)(ஜி)-யின் கீழ் கேட்கலாம். அப்போது இலங்கைக் குடியுரிமையை விட வேண்டிவரும். அத்தையின் வயதுக்கு ஓ.சி.ஐ. அட்டையே போதும் என்பது என் கருத்து.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இலங்கையின் மலையகத் தோட்ட மக்களைப் பங்கு பிரித்தது. ஒரே லயத்துக் குடும்பத்தில் அப்பன் இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம் ஆனார்கள். அந்தப் பிரிவுக்கு அத்தை ஐம்பது வருடம் விலை கொடுத்துவிட்டார். மிச்சமுள்ள காலத்தை போலீஸுக்குப் பயந்து உள்ளறையில் ஒளிந்து அவர் கழிக்கக் கூடாது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள்.