சூடாகும் தண்ணீர், குளிரும் தண்ணீர்

வீட்டின் பின்புறம் சோப்புத் தயாரிக்கும் வேலை நடந்தது. மாமியார் அலுமினியச் சட்டியில் காஸ்டிக் சோடாவைக் கொட்டினார். அதன்மேல் ஊற்றச் செம்பில் தண்ணீர் எடுத்தார்.

மருமகள் ஓடி வந்தாள்.

"அத்தை, ஊற்றாதீங்க! முதலில் தண்ணீர். அதில்தான் சோடாவைப் போடணும்."

"எப்படிக் கலந்தால் என்ன? இரண்டும் ஒன்றுதானே?"

"இல்லை, அத்தை. சோடா கரையும்போது ரொம்பச் சூடாகும். அதன்மேல் தண்ணீர் விட்டால் அங்கேயே கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். அலுமினியமும் ஆகாது. சோடா அதை அரித்துவிடும்."

மாமியார் செம்பைக் கீழே வைத்தார்.

மருமகள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டாள். கனமான பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்தாள். சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவி, நீண்ட குச்சியால் கிளறினாள். சற்று நேரத்தில் வாளி சுட்டது.

"அடுப்பே இல்லை. இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?" என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்விதான்.

காஸ்டிக் சோடா, உப்பு போன்றவை நுண்ணிய துகள்களால் ஆனவை. அத்துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். கரையும்போது அந்தப் பிடி விடவேண்டும். அதற்கு வெப்பம் செலவாகும். பிரிந்த அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். அப்போது வெப்பம் வெளிவரும். வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான் இதுவும். வரவு அதிகமானால் தண்ணீர் சூடாகும். செலவு அதிகமானால், தண்ணீரில் இருக்கும் வெப்பமே செலவாகும். தண்ணீர் குளிரும்.

சமையல் உப்பில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். அதனால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. பொட்டாஷ் உரத்தைக் கரைத்துப் பாருங்கள். வாளி சில்லென்று இருக்கும்.

வெடியுப்பும் இப்படித்தான். அக்பர் காலத்தில் அதைத் தண்ணீரில் கரைத்தார்கள். குடிநீர்க் குப்பியை வாய் மூடி, அந்தக் கரைசலுக்குள் வைத்துச் சுழற்றினார்கள். குடிநீர் குளிர்ந்தது. அபுல் பசல் இதை 'அயினி அக்பரி' நூலில் எழுதியிருக்கிறார். வெடிமருந்துக்கான பொருள் தாகத்துக்கும் உதவியது வேடிக்கைதான்! இந்த வெடியுப்பு பீகார் மண்ணிலிருந்து நிறையக் கிடைத்தது.

மாமியார் வாளியை எட்டிப் பார்த்தார்.

"கிட்டே வராதீங்க, அத்தை. ஆவி மூச்சில் ஏறும்."

"சரி. ஒருவேளை மேலே தெறித்துவிட்டால்?"

"உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவணும். இருபது நிமிடமாவது விடாமல் கழுவணும். எலுமிச்சம்பழம் கிழம் தேய்க்கவே கூடாது. கண்ணில் பட்டால், கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாமியார் உள்ளே போனார். ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.