புத்தகம் விரிக்க ஏற்ற இடங்கள்

வாசிப்புக்குப் பகல் ரயிலைப் போல வாகான இடம் குறைவு. மதுரைக்கும் சென்னைக்கும் இடையே 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் போகிறவர்கள், வண்டி போகும் திசைக்கு இடப்பக்க ஜன்னலைப் பிடிப்பது நல்லது. காலையில் சென்னைக்குப் போகும்போதும், மதியத்துக்கு மேல் மதுரைக்குத் திரும்பும்போதும் வெயில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் அடிக்கும். இடப்பக்கம் தாள் பளபளத்துக் கண் கூசாது. ஏழு மணி நேரம் கையில் இருப்பதால் தடித்த நாவலையே துணிந்து எடுத்துப் போகலாம். இடையிடையே செல்போன் சிக்னல் போனால் இன்னும் நல்லது!

சொந்தப் புத்தகத்தோடு நூலகத்துக்குள் விடுவார்களா என்று தயங்குபவர்கள் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைய வருவதால், காலையிலேயே போய்விட்டால் இடம் கிடைக்கும்.

மருத்துவமனை, வங்கி என்று டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் இடங்களுக்குச் சிறுகதைத் தொகுப்பே சரி. பெயரைக் கூப்பிட்டதும் சட்டென மூடி எழுந்துகொள்ளலாம். பக்க அடையாளத்துக்குப் பேருந்து டிக்கெட் போதும்.

மொட்டை மாடிக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போகலாம். வெயில் தணிந்திருக்கும், தரைச்சூடு மட்டும் இருக்கும். பாயை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.