தண்டியடிகளின் கயிறு

போன வருஷம் தைப்பூசம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இளைஞர் குழு கெலானா ஜெயா ஏரிப் பூங்காவுக்குப் போனது. நாற்பது பேர். 'ஏரிக்கரை உழவாரப்பணி' என்று பெரிதாகப் பேனர் அடித்திருந்தோம். கிள்ளானிலிருந்து ஒரு வேன், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எல்.ஆர்.டி. பிடித்து வந்தவர்கள் ஒரு கூட்டம். இரண்டரை மணி நேரத்தில் நடைபாதை ஓரத்துக் குப்பை பதினேழு மூட்டை ஆனது. குழுப்படம் எடுத்தோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம். மனசுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, வகுப்பு முடிந்த ஒரு மாலை நான் மட்டும் அங்கே நடக்கப் போனேன். நாங்கள் சுத்தம் செய்த அதே கரை. அதே மாதிரி தாப்பாவ் பைகள், தண்ணீர் போத்தல்கள், உடைந்த போலிஸ்டிரீன் டப்பாக்கள். எழுபது வயது இருக்கும் ஒரு ஐயா, கையில் இடுக்கியோடு நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குழுச் சட்டையைப் பார்த்ததும் நின்றார்.

"அன்னிக்கு வந்த பிள்ளைங்கதானே? நல்லாத்தான் செஞ்சீங்க தம்பி. ஆனா கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போயிட்டீங்க. குடும்பம் நடத்துறது அடுத்த நாள்லேருந்துதானே?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேனரில் நாங்கள் போட்ட சொல் அப்பர் சுவாமிகளுடையது. அவர் உழவாரப்படையை ஒரு நாள் நிகழ்ச்சிக்காக எடுத்து வந்தவர் இல்லை. போன ஊரெல்லாம் அது அவர் கூடவே போனது. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

கண் தெரியாதவர் தோண்டிய குளம்

அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவர் தண்டியடிகள். திருவாரூரில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சேக்கிழார் பெரியபுராணத்தில் இவர் கதையைச் சொல்கிறார். கோயிலுக்கு மேற்கே இருந்த திருக்குளம் தூர்ந்து, சுற்றிலும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டும் என்று தண்டியடிகள் நினைத்தார்.

கண் தெரியாதவர் எப்படித் தோண்டுவார்? குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார், கரையில் ஒரு கம்பு நட்டார், இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் போடுவார். மறுபடியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்து கொட்டுவார். பார்த்தவர்கள் ஏளனம் செய்தார்கள், அவர் நிறுத்தவில்லை.

சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டபோது, கடைசியில் அவருக்குப் பார்வை கிடைத்த அற்புதம்தான் என் மனசில் நின்றது. இப்போது பொறியியல் படிக்கிற எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணில் படுகிறது. அவரிடம் பக்தி மட்டும் இருந்து கயிறு இல்லாமல் இருந்திருந்தால், முதல் நாளே வழி தவறியிருப்பார். இன்று விட்ட இடத்தை நாளைக்கு மறுபடியும் கண்டுபிடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். எங்கள் நாற்பது பேருக்கும் ஆர்வம் இருந்தது. கயிறு இல்லை.

ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏரியைக் கவனிக்க வேண்டுமென்றால் முதலில் அது என்ன ஏரி என்று தெரிய வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் நடக்கப் போகிற ஏரிகளில் பல, இயற்கையாக உண்டானவை அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தாமான் தாசேக் பெர்டானா ஏரி, ஆல்பிரட் வென்னிங் என்ற அதிகாரியின் யோசனைப்படி 1888-ல் தொடங்கிய பூங்காவுக்காக ஓர் ஓடையை மறித்து உண்டாக்கியது. தித்திவங்சா ஏரி பழைய ஈயச் சுரங்கம். கெலானா ஜெயா ஏரிகளும் ஈயம் தோண்டிய பள்ளங்கள்தான். இன்று அவை பெருமழையில் தண்ணீரைத் தாங்கி, வெள்ளத்தைக் குறைக்கும் வேலையையும் செய்கின்றன.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. நம் ஊரில் மழைநீர் ஓடும் லோங்காங் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. லோங்காங்கில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேராக ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். கடையில் கழுவி ஊற்றிய எண்ணெய், கார் கழுவிய சோப்பு, புல்லுக்குப் போட்ட உரம், ரோட்டில் வீசிய பை, எல்லாவற்றையும் மழையின் முதல் அரை மணி நேரம் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஏரிக் கரையில் நாம் பொறுக்குகிற குப்பையில் ஒரு பங்கு, ஏரிக்கு வராதவர்கள் போட்டது.

ஏரி பச்சையாக மாறுவதும் இதனால்தான். உரம், சோப்பு, உணவு மிச்சம் இவற்றில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குச் சாப்பாடு. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவில் உறிஞ்சும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான். பாசி மண்டிய ஏரியில் விடியற்காலை அது மிகவும் குறைந்துவிடும். காலையில் நடக்கப் போகிறவர்கள் சில சமயம் மீன்கள் செத்து மிதப்பதைப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாம் அன்போடு தூவுகிற ரொட்டியும் மீன் தின்றது போக மீதி அழுகி, அதே ஆக்சிஜனைத்தான் தின்னும்.

கிள்ளானில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். பெட்டாலிங் ஜெயாவின் தண்ணீர் கடைசியில் கிள்ளான் ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது. ஆற்றுக் குப்பை கடலுக்குப் போகாமல் பிடிக்க, தி ஓஷன் கிளீனப் என்ற டச்சு அமைப்பின் சூரியசக்தி இயந்திரம் 2019-லிருந்து கிள்ளானில் வேலை செய்தது. ஆற்றின் கடைசியில் இயந்திரம் வைத்துப் பிடிக்க வேண்டிய குப்பையை, மேலே ஓர் ஏரிக்கரையில் கையாலேயே பிடித்துவிடலாம் என்பதுதான் நம் வேலையின் மதிப்பு.

நான் எடுத்த சாமி படம்

இனி சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் சங்கடம். அந்த மாலைக்குப் பிறகு நான் வாரம் ஒரு நாள் ஐயாவோடு நடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம், தண்ணீர் ஓரத்தில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. இடுக்கியால் இழுத்துத் திறந்தால், வாடிய மாலை, விபூதிப் பொட்டலம், கண்ணாடி உடைந்த முருகன் படம்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. படத்தைத் துடைத்துத் தனியாக வைத்தார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் இதே மாதிரி ஒரு பையை நானே போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் அம்மா பழைய படங்களையும் காய்ந்த பூவையும் பையில் கட்டிக் கொடுத்து, "ஓடுற தண்ணியில விட்டுட்டு வாடா" என்பார். நானும் பாலத்தில் மோட்டாரை நிறுத்தி, விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது பக்தி என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம். "அப்போ சாமி படத்தைக் குப்பையில போடச் சொல்றியா?"

அந்தக் கேள்வி நியாயமானது. குப்பைத் தொட்டியில் போட மனசு வராததால்தான் நம் பெரியவர்கள் தண்ணீரில் விட்டார்கள். அந்தக் காலத்தில் விட்டதெல்லாம் பூவும் இலையும் மண்ணும். இன்று போகிறது பிளாஸ்டிக், கண்ணாடி, ஸ்டேப்பிள் அடித்த மாலை. மரியாதை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஆகவே அம்மாவோடு சண்டை போடாமல் ஒரு வழி பேசினோம். பூவை நூலிலிருந்து உருவித் துளசிச் செடித் தொட்டி மண்ணில் புதைப்பது. படத்தின் சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றித் தாளில் சுற்றி வைப்பது. படத்தாளைத் துளசியடியிலேயே மண்ணுக்குள் வைப்பது. இரண்டு நாள் அம்மா பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே உட்கார்ந்து மாலையிலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தார். "நூலு மட்டும் இவ்வளவு வருதே" என்றார்.

ஆறு பேர், 360 நாள்

ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கு ஏற்பாடு செய்வது நமக்குப் புதிதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஆண்டு கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிப் பாடத்தில் வருபவை இவைதான். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது.

அதில் குறைகளும் உண்டு. நிலமும் வீடும் இருந்த ஆண்களுக்குத்தான் அந்த உரிமை. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மூன்று விஷயம் எடுத்துக்கொள்ளலாம்: ஆள் யார் என்று பெயர் தெரிய வேண்டும், எத்தனை நாள் என்று வரையறை வேண்டும், முடிவில் கணக்கு வேண்டும்.

கெலானா ஜெயாவிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பூங்கா பெட்டாலிங் ஜெயா மாநகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. அதோடு, பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் குளோபல் என்விரோன்மென்ட் சென்டரின் துணையோடு, குடியிருப்பாளர்கள் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் கெலானா ஜெயா பார்க்' என்ற குழுவாகச் சேர்ந்து பூங்காவுக்காக உழைத்திருக்கிறார்கள். நாம் போய்த்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைக்கிறோம் என்ற நினைப்பு வேண்டாம். ஏற்கெனவே கயிறு கட்டியவர்களிடம் போய்க் கைகொடுத்தாலே போதும்.

நாம் கட்டக்கூடிய கயிறு

இப்போது எங்கள் குழுவில் நாற்பது பேர் இல்லை, ஆறு பேர்தான். எங்கள் முறை இது:

1. ஒரே ஏரி, ஒரே துண்டு. முழுப் பூங்காவையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நடைபாதையில் இருநூறு மீட்டர் போதும்.

2. முறை வைத்துப் போங்கள். வாரம் இரண்டு பேர், ஒரு மணி நேரம். பரீட்சை வந்தால் மாற்றாள் யார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். எங்கள் முறை செமஸ்டர் கடைசியில்தான் இரண்டு தடவை அறுந்தது.

3. எண்ணி எழுதுங்கள். மூட்டையை மட்டும் எண்ணாமல், எது எத்தனை என்று எழுதினோம். உறிஞ்சுகுழாயும் சாப்பாட்டு டப்பாவும் எந்த லோங்காங் வாயருகே அதிகம் என்று தெரிந்தது. அந்தக் கணக்கோடு பேசினால் கடைக்காரரும் கேட்பார், மன்றமும் கேட்கும்.

4. தண்ணீரை அளந்து பாருங்கள். 1865-ல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் பயன்படுத்திய எளிய கருவி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு, கறுப்பு வெள்ளை பூசியது, அளவு குறித்த கயிற்றில் கட்டியது. தண்ணீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கலங்கலும் பாசியும் கூடினால் அந்த ஆழம் குறையும். இதைப் படகுத்துறை, பாலம் போன்ற கைப்பிடி உள்ள இடத்திலிருந்து மட்டும் செய்யுங்கள்.

5. கரையோரப் புல்லையும் செடியையும் 'சுத்தம்' என்று பிடுங்காதீர்கள். அதன் வேர்தான் கரை மண்ணைப் பிடிக்கிறது. ஓடி வரும் அழுக்கை வடிகட்டுகிறது. செடி நடுவதென்றால் மன்றத்திடம் கேட்டுவிட்டு நடுங்கள்.

6. தண்ணீரில் இறங்கவே கூடாது. பழைய சுரங்கக் குளங்கள் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும். கையுறை கட்டாயம், மூடிய காலணி கட்டாயம். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் சின்னக் காயம் வழியாகவும் உள்ளே போகும்.

ஒரு வருஷத்தில் ஏரி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். தட்டு மறையும் ஆழம் மழைக்கு மழை மாறுகிறது. ஆனால் எங்கள் இருநூறு மீட்டரில் இப்போது வாரம் ஒரு பை நிறைவதே அரிது. போன மாதம் ஐயாவுக்கு முட்டிவலி, இரண்டு வாரம் வரவில்லை. அவர் திரும்பி வந்த அன்று கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, குடும்பம் நடக்குதே" என்றார்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க

உங்கள் வீட்டு லோங்காங் தண்ணீர் எந்த ஏரிக்கு அல்லது ஆற்றுக்குப் போகிறது? உங்கள் வீட்டில் பழைய சாமி படங்களும் பூவும் எங்கே போகின்றன? உங்கள் குழு கடைசியாகச் செய்த ஒரு நாள் தொண்டு எது, அந்த இடத்துக்கு அதன் பிறகு யாராவது போனீர்களா? போகவில்லை என்றால், இந்த ஞாயிறு இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பேனர் வேண்டாம்.