செடி எது என்பது முதலில் உறுதியாகட்டும்

பி.ஃபார்ம் முடிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது: எம்.ஃபார்மில் ஃபார்மகாக்னசி எடுத்தால் எதிர்காலம் உண்டா? உண்டு. ஆனால் பட்டச் சான்றிதழ் மட்டும் அதைக் கொண்டுவந்துவிடாது. மூலிகைகளையும் அவற்றிலிருந்து கிடைக்கும் மருந்துகளையும் முதுநிலையில் படிப்பவருக்கு இரண்டு ஆண்டு முடிவில் மிஞ்சுவது ஓர் ஆய்வேடும் அதைச் செய்து பழகிய கையும்தான். அந்த ஆய்வேடு நிற்குமா விழுமா என்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. எடுத்த செடி எது, எங்கே, எப்போது, யார் பறித்தது என்பதற்கு அத்தாட்சி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் எத்தனை கருவியில் ஓட்டினாலும் பயனில்லை.

இந்தத் துறைக்குள் நுழையும் வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஃபார்ம் படித்தவர்களுக்கு எம்.ஃபார்ம் நேர்வழி. நான்கு பருவங்களில் பாடச்சுமை முதல் இரண்டில், பின்னிரண்டும் ஆய்வுக்கு. ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். வேதியியலில் நாட்டம் உள்ளவர்கள் மொஹாலியில் உள்ள நைப்பர் (தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இயற்கைப் பொருள்கள் துறைக்கு முயலலாம். பி.எஸ்.எம்.எஸ். முடித்த சித்த மருத்துவர்களுக்கு மூன்றாண்டு எம்.டி.யில் மருந்துச் சரக்குகளைப் பற்றிய குணபாடம் என்ற பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் படிக்கலாம். எம்.எஸ்சி. தாவரவியல் வழியாக வருபவர்கள் செடியை அடையாளம் காண்பதில் மற்றவர்களைவிட முந்தி நிற்பார்கள். வேதியியலில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கருவிகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இருக்கிறதா, எச்.பி.டி.எல்.சி. இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். உலர்த்திய செடி மாதிரிகளை வைக்கும் ஹெர்பேரியம் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடந்த ஐந்தாண்டில் அந்தத் துறையில் முடிந்த ஆய்வேடுகளின் செடிகள் அதில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா? கருவி இல்லாவிட்டால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி மாதிரியை ஓட்டிக்கொள்ளலாம். பூச்செடியைப் பார்த்து அதன் தாவரக் குடும்பத்தைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி இல்லாவிட்டால் அந்தக் குறையை எந்தக் கட்டணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

அடையாளம் இத்தனை பெரிய விஷயமா என்று நினைப்பவர்கள் கீழாநெல்லியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் உடன் உழைத்தவர்களும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத வெற்றுப்பொருள் பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே நிமிர்ந்து பார்த்த முடிவு அது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணங்கள் பல பேசப்பட்டன. நோயாளிகள் வேறு, நோய் முற்றிய நிலை வேறு. அத்தோடு செடியின் இனமும் விளைந்த இடமும் பறித்த பருவமும் வேறாக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது.

அந்த ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. கீழாநெல்லி என்று சந்தைக்கு வரும் கட்டில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் மட்டும் இருப்பதில்லை. ஒரே வரப்பில் அதே பேரினத்து டெபிலிஸ், யூரினேரியா, மடராஸ்படென்சிஸ் எல்லாம் சேர்ந்தே முளைக்கின்றன. பறிப்பவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்குகிறார். பச்சையாக இருக்கும்போது பிரித்துவிடலாம். அமாரஸின் பூவில் புல்லிதழ் ஐந்து, டெபிலிஸில் ஆறு. அமாரஸின் காய் வழவழப்பாக இருக்கும். யூரினேரியாவின் காயில் சிறுசிறு முடிச்சுகள் தட்டுப்படும். ஒரு கைலென்ஸ் போதும். பொடியான பிறகு இந்த வேறுபாடெல்லாம் போய்விடும். பிறகு ஃபில்லாந்தின் என்ற சேர்மத்தின் பட்டை தகட்டில் தெரிகிறதா என்று எச்.பி.டி.எல்.சி.யிடம்தான் கேட்க வேண்டும். பற்பாடகத்தில் சிக்கல் இன்னும் ஆழம். நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் ஒன்று அது. தமிழ்நாட்டில் மொல்லுகோ செர்வியானா, கேரளத்தில் ஹெடியோட்டிஸ் கோரிம்போசா, வடக்கே ஃப்யூமேரியா: மூன்றும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள், மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். கடையில் வாங்கிய பற்பாடகத்தில் ஆய்வு செய்து "காய்ச்சலைத் தணிக்கிறது" என்று எழுதினால், எந்தச் செடி தணித்தது?

ஆகவே கடைச்சரக்கில் ஆய்வைத் தொடங்காதீர்கள். கடைச்சரக்கின் தரத்தைப் பற்றியே ஆய்வு என்றால் மட்டும் கடைக்குப் போகலாம். அது நல்ல தலைப்பும்கூட. மற்றபடி நீங்களே போய்ப் பறியுங்கள். பூவும் காயும் உள்ள கிளையாக எடுங்கள். இலை மட்டும் இருந்தால் எந்த வகைப்பாட்டியலாளரும் உறுதியாகப் பெயர் சொல்லமாட்டார். செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி அழுத்தி, முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் சோம்பினாலும் பூஞ்சை பிடித்துவிடும். குறிப்பேட்டில் ஊர், ஜி.பி.எஸ். இடக்குறி, தேதி, மண், பக்கத்தில் என்ன வளர்ந்திருந்தது, பூவின் நிறம், அங்குள்ளவர்கள் சொன்ன பெயர், உங்கள் சேகரிப்பு எண் எல்லாம் அங்கேயே நின்று எழுதுங்கள். காய்ந்தால் பூவின் நிறம் மாறிவிடும். அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது நம்பத்தக்கதாக இருக்காது. ஒரே செடியிலிருந்து இரண்டு மூன்று மாதிரி எடுத்து, ஒன்றை உங்கள் கல்லூரியில் வையுங்கள், ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஹெர்பேரியத்தில் கொடுங்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினேட் ஹெர்பேரியம் இருக்கிறது, பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுத்தது அங்கிருந்துதான். அங்கே தரும் வரவு எண்ணை ஆய்வேட்டில் எழுதுங்கள். அத்தோடு, சாறெடுக்க அரைத்த மொத்தச் சரக்கிலிருந்தும் ஒரு கைப்பிடியைத் தனியாக மூடி, பெயர் ஒட்டி வைத்திருங்கள். ஹெர்பேரியம் தாளில் ஒட்டியிருப்பது ஒரு செடி, நீங்கள் அரைத்தது ஐந்து கிலோ. இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு காட்ட வேண்டிய நாள் வரலாம்.

காலக்கணக்கில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மூன்றாம் பருவம் தொடங்கித் தலைப்பு ஒப்புதலாகி, காட்டுக்குப் போகும்போது பூக்காலம் முடிந்திருக்கும். அடுத்த பூக்காலம் வருமுன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் மாணவர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். முதல் பருவத்திலேயே இரண்டு மூன்று செடிகளை மனத்தில் வைத்து, அவை பூக்கும்போது மாதிரி எடுத்துவிடுங்கள். தலைப்பு பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

எந்தச் செடி? ஆயிரம் கட்டுரை வந்துவிட்ட துளசியும் மஞ்சளும் வேண்டாம். யாரும் தொடாத அபூர்வச் செடியும் முதுநிலைக்கு வேண்டாம். சரக்குக் கிடைக்காது, ஒப்பிட்டுப் பார்க்கத் தூய சேர்மமும் விலைக்கு வராது. உங்கள் மாவட்டத்தில் பயிராகி வெளிநாடு போகும் செடியைப் பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியின் நிலாவரை உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே விற்கிறது. அதன் சென்னோசைடுகள் மலச்சிக்கல் மருந்தாக எங்கும் பயன்படுகின்றன. இலையை உலர்த்தும் முறைக்கு ஏற்ப அவை எவ்வளவு குறைகின்றன என்பதை ஒரு மாணவரால் இரண்டு பருவத்தில் நேர்த்தியாக அளந்துவிட முடியும். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பக்கம் பயிராகும் செங்காந்தள் இன்னொன்று. அதன் விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். கீல்வாத மருந்தாக நெடுங்காலம் இருந்த அது, 2023-இல் அமெரிக்காவில் இதயநோய்த் தடுப்புக்கும் ஒப்புதல் பெற்றது. உயிரைக் குடிக்கும் நஞ்சும் அதுவே. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்த விதையை அரைக்கக் கூடாது. விதை முற்றும் நிலைக்கும் சேமிப்புக் காலத்துக்கும் ஏற்ப கோல்ச்சிசின் அளவு எப்படி மாறுகிறது என்று துல்லியமாகச் சொன்னால், எப்போது விற்பது என்று தெரியாமல் தவிக்கும் விவசாயிக்கும் அது உதவும்.

அடுத்து, சாறெடுக்கும் முறை. வைத்தியர் குடிநீராகக் காய்ச்சிக் கொடுக்கிறார். மாணவர் சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் ஊற்றி எடுக்கிறார். முடிவுரையில் "பாரம்பரியப் பயன்பாடு நிரூபணமானது" என்று எழுதுகிறார். மெத்தனாலில் இறங்குவது வேறு, தண்ணீரில் இறங்குவது வேறு. மரபான வழக்கைச் சோதிப்பதாகச் சொன்னால் மரபில் சொன்னபடியே தயாரிக்க வேண்டும்: எத்தனை பங்கு நீர், எட்டில் ஒன்றாகக் காய்ச்சுவதா நான்கில் ஒன்றாகவா, பச்சையா உலர்ந்ததா. சீனாவின் தூ யூயூவுக்கு வழி திறந்ததும் தயாரிப்பு முறைதான். மலேரியாவுக்கான ஆர்ட்டிமீசியா செடியை வெந்நீரில் காய்ச்சியபோது பலன் கைக்கு அகப்படவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங்கின் மருத்துவ நூல், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்த அவர் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்தார். ஆர்ட்டிமிசினின் அப்படித்தான் கிடைத்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. மூலநூலையும் வைத்தியரின் வாய்மொழியையும் இந்தக் கவனத்தோடு கேட்டுப் பழகுங்கள்.

செயல்பாட்டுச் சோதனைகளில் என் கருத்து கடுமையானது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைச் சோதிக்கும் டி.பி.பி.எச். கரைசலின் ஊதா நிறத்தை வெளுக்கச் செய்வதை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதாதீர்கள். பாலிஃபீனால் உள்ள எந்த இலையும் அதைச் செய்யும். நோயைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. கணினியில் மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பதும் அப்படியே. அது ஊகத்துக்கு உதவும், சான்றாகாது. விலங்குச் சோதனை செய்வதானால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள், கொடுக்கும் அளவை மனிதருக்கு மாற்றிக் கணக்குப் போடுங்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பலன் கண்டீர்கள் என்றால், வழக்கமான முறைப்படி அதை 12.3 ஆல் வகுக்க வேண்டும். மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 81 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிட்டத்தட்ட 4.9 கிராம் சாறு. காய்ந்த செடியில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகத் தேறும் என்றால், ஒரு வேளைக்கு 50 கிராம் அளவு செடி. நம் வைத்தியர் கொடுக்கும் அளவு அவ்வளவு இருக்குமா? இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்பே போட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். காப்புக்காட்டில் ஒரு கிளை ஒடிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தையும் 2023-இல் வந்த திருத்தத்தையும் முன்பே படியுங்கள். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. மலைவாழ் மக்களிடம் கேட்டறிந்த செடியானால் அவர்களுக்குச் சேரவேண்டியது என்ன என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனம் ஜீவனி மருந்தை உருவாக்கியபோது, உரிமக் கட்டணத்திலும் அதன்பின் வரும் பங்கிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதென்று முடிவானது. அதைப் பிரித்துக் கொடுப்பதில் சிக்கல்கள் வந்தன. ஆனாலும் கொடுக்க வேண்டும் என்ற முன்மாதிரி நிலைத்தது.

வேலைக்கு வருகிறேன். பெங்களூரு, ஆலுவா, சென்னை என்று மூலிகைச் சாறும் மருந்தும் தயாரிக்கும் நிறுவனங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் தேவைப்படுகிறது. வந்திறங்கும் மூட்டை சரியான சரக்குதானா என்று சொல்வதே அங்கே முதல் வேலை. 2015 நவம்பரில் மத்திய அரசு ஃபைட்டோஃபார்மசூட்டிகல் என்ற மருந்து வகையைச் சட்ட விதிகளில் சேர்த்தது. தூய்மைப்படுத்தித் தரப்படுத்திய தாவரச் சாற்றில் குறைந்தது நான்கு சேர்மங்களையாவது அளந்து காட்டி, மற்ற புதிய மருந்துகளைப் போலவே மனிதப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. நம் வேலிகளில் படரும் கட்டுக்கொடியின் நீர்ச்சாற்றை டெங்குவுக்காக சன் ஃபார்மா இப்படித்தான் எடுத்துச் சென்றது. 2020-இல் கோவிட் நோயாளிகளிடமும் சோதித்தது. இத்தகைய மருந்துக்கு விண்ணப்பிக்கும்போது செடியின் பெயர், விளைந்த இடம், பறித்த காலம், பயன்படும் பாகம், ஒவ்வொரு தொகுதியின் சேர்ம அளவு எல்லாவற்றையும் கோப்பில் வைக்க வேண்டும். ஆய்வேட்டுக்காக நீங்கள் சேர்த்த குறிப்பேடும் வரவு எண்ணும் தகட்டுப் படங்களும் அதே வரிசையில் அமைந்தவைதான். நேர்முகத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தக் கோப்பையும் எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள்.