அவசரமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

பெங்களூரு நீலசந்திராவின் சந்துகளில், உனக்கு வந்ததுபோல், உன் வயதுப் பெண் ஒருத்தியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிசிஓஎஸ்’ எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாடு என்று வந்துவிட்டால், அன்றே வீட்டில் இரண்டு பேச்சு எழும். ‘நாள் போனால் குழந்தை தங்காது, சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுங்கள்’ என்பது ஒன்று. ‘கல்யாணம் ஆனால் தானாகச் சரியாகிவிடும்’ என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பி உன் வாழ்க்கைக்கு நாள் குறிக்காதே. எப்போது தாயாவது என்பதை உன் வயதும் விருப்பமும் தீர்மானிக்கட்டும். இந்தக் குறைபாடு உன்னிடம் கேட்பது, முன்கூட்டிய தயாரிப்பை மட்டுமே.

‘நீர்க்கட்டி’ என்ற பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரமாகக் கருமணி கோத்தாற்போலத் தெரிபவை கட்டிகள் அல்ல. இரண்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சி நின்றுபோன கருமுட்டைப் பைகள். முட்டைகள் இருக்கின்றன, அவை மாதாமாதம் முதிர்ந்து வெளிவருவதில்தான் தடை. அந்தத் தடையை நீக்க மருந்து உண்டு. அமெரிக்காவில் இக்குறைபாடுள்ள 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதவிலக்குச் சுழற்சிகள் வரையிலான சிகிச்சையில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் தருவதை இந்தியா 2011இல் தடை செய்து 2017இல் மீண்டும் அனுமதித்தது. இன்று உலக வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

‘அப்படியானால் நாற்பதில்கூடப் பெற்றுக்கொள்ளலாமே’ என்று நீ கேட்கலாம். கூடாது. உனக்கு முட்டைகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம்; ஆனால் அவற்றின் தரம் மற்றப் பெண்களுக்குப் போலவே வயதோடு குறையும், 35க்குப் பின் வேகமாக. ‘பீரியட்ஸே வராதவளுக்குக் கர்ப்பம் எப்படி?’ என்பதும் தவறான கணக்கு. முட்டை எந்த மாதமும் சொல்லாமல் வெளிவரலாம். வேண்டாத காலத்தில் கருத்தடை அவசியம். அதற்கான மாத்திரை பிற்காலத்தில் மலடாக்கிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால், சில மாதம் முன்பே டாக்டரைப் பார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைச் சோதனை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் பார்த்துக்கொள். உடல் பருமன் இருந்தால் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடு. உனக்குக் கூடுதல் அளவு தேவையா என்று கேட்டுக்கொள். முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் மருந்துக்கடைப் பட்டையை மட்டும் நம்பாதே. இக்குறைபாட்டில், அந்தப் பட்டை அளக்கும் எல்எச் ஹார்மோன் எப்போதும் உயர்ந்திருக்கலாம் என்பதால் அது பல நாள் பொய்யாக இரண்டு கோடு காட்டலாம். ‘ஒரு வருஷம் முயன்று பார்’ என்ற பொது விதியும் உனக்குப் பொருந்தாது. சுழற்சி 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனால் காத்திருக்காமல் போ. வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

இன்றிலிருந்து ஒவ்வொரு மாதவிலக்குத் தேதியையும் காலண்டரில் குறித்து வை. டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்,
உன் அக்கா