லாக் கோப்பு சிதைந்தால் டிஸ்கைக் குறை சொல்லலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனத்தில் 6 லினக்ஸ் சர்வர்கள் கொண்ட கிளஸ்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆறும் ஒரே என்எஃப்எஸ் ஷேரில் உள்ள ஒரே லாக் கோப்பில் எழுதுகின்றன. கொஞ்ச நாளாக அந்தக் கோப்பு சிதைந்துகொண்டே இருக்கிறது. கிரெப் போட்டால் 'பைனரி ஃபைல் மேட்சஸ்' என்று மட்டும் வருகிறது. திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ^@ குறிகள். சில வரிகள் பாதியில் வெட்டுப்பட்டு, வேறொரு சர்வரின் வரி அதில் ஒட்டியிருக்கிறது. நள்ளிரவு தாண்டியதும் கோப்பின் அளவு திடீரென்று 18 ஜிபி என்று காட்டுகிறது. ஆனால் டிஸ்கில் இடம் குறையவில்லை. போதாக்குறைக்கு, சென்ற வாரம் கரண்ட் போய் வந்தபின் ஒரு சர்வரில் ஜர்னல் கோப்பும் 'கரப்டட்' என்று செய்தி வந்தது. ஸ்டோரேஜ் கெட்டுவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார் மேலாளர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் டிஸ்க் கெட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. தெரிவது மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால் பெரிய நோய் போலத் தோன்றுகிறது. புதிய ஸ்டோரேஜ் வாங்கி வைத்தாலும் முதல் நள்ளிரவிலேயே இதே ^@ குறிகளைப் பார்ப்பீர்கள்.

எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன் இருக்கிற கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். சிதைவு எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். சுத்தம் செய்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். நகலெடுக்கும்போது சிபி கட்டளையில் ஸ்பார்ஸ் தெரிவை 'ஆல்வேஸ்' என்று கொடுங்கள். இல்லையென்றால் வெற்று 18 ஜிபி நிஜமான 18 ஜிபியாக மாறி டிஸ்கை அடைத்துக்கொள்ளும். மூலக் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆகவே 'கெட்டுப்போனது, அழித்துவிட்டேன்' என்ற பதில் இனி யாரிடமும் செல்லாது.

அடுத்து ^@ குறிகள். அவை மதிப்பு சுழியமாக உள்ள பைட்டுகள். எல்எஸ் காட்டும் அளவு 18 ஜிபி, டியூ காட்டும் அளவு சில நூறு எம்பி என்றால் கோப்பின் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது என்று பொருள். அங்கே யாரும் எதுவும் எழுதவில்லை. படிக்கும்போது லினக்ஸ் அந்தப் பள்ளத்தைச் சுழியங்களாகக் காட்டுகிறது. இந்தப் பள்ளத்தைத் தோண்டுவது பெரும்பாலும் லாக்ரொட்டேட்டின் 'காப்பிடிரங்கேட்' தெரிவு. அது லாக்கை நகலெடுத்துவிட்டு, மூலக் கோப்பை அதே இடத்தில் வைத்தபடியே அளவை 0 ஆக்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இது தெரியாது. 240ஆம் பக்கம் வரை எழுதிய கணக்குப்பிள்ளையின் பேரேட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டுப் புதுப் பேரேடு வைத்தால், அவர் நேராக 241ஆம் பக்கத்தைப் புரட்டி எழுதுவார் அல்லவா? அதேதான் நடக்கிறது. நிரல் தான் விட்ட 18 ஜிபி இடத்திலேயே அடுத்த வரியை எழுதுகிறது. முன்னால் உள்ளதெல்லாம் பள்ளம்.

கோப்பை 'அப்பெண்ட்' முறையில் திறந்த நிரல் இந்தத் தவறைச் செய்யாது. ஒவ்வொரு முறையும் கோப்பின் அப்போதைய கடைசிக்குப் போய்த்தான் எழுதும். ஆறு சர்வரில் ஒன்று மட்டும் அப்பெண்ட் இல்லாமல் திறந்திருந்தாலும் மொத்தக் கோப்பும் கெடும். எது என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு சர்வரிலும் ப்ராக் அடைவில் அந்த நிரலின் ப்ராசஸ் எண்ணுக்குள் 'எஃப்டிஇன்ஃபோ' என்ற அடைவு இருக்கும். லாக் கோப்பைக் குறிக்கும் எண்ணைத் திறந்தால் 'ஃபிளாக்ஸ்' என்ற வரியைக் காணலாம். வழக்கமான 64-பிட் இன்டெல், ஏஎம்டி சர்வரில் அது 0102001 என்று இருந்தால் அப்பெண்ட் உண்டு. 0100001 என்றால் இல்லை. அதே இடத்தில் 'பொஸ்' என்ற வரி, நிரல் அடுத்து எங்கே எழுதப்போகிறது என்பதைச் சொல்லும். அது 18 ஜிபிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆள் அகப்பட்டார்.

அந்தச் சர்வரின் தொடக்க ஸ்கிரிப்டைப் பாருங்கள். வெளியீட்டை லாக்குக்குத் திருப்பும் இடத்தில் >> குறிக்குப் பதிலாக ஒற்றை > இருக்க வாய்ப்பு அதிகம். ஒற்றைக் குறி இன்னொரு கேட்டையும் செய்யும்: அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும், மற்ற ஐந்து சர்வர்கள் எழுதிய அன்றைய லாக்கும் சேர்ந்து அழியும்.

லாக்ரொட்டேட் ஆறு சர்வரிலும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் நிலைக்குறிப்பைத் தன் சொந்த டிஸ்கில் வைத்திருப்பதால், இன்னொருவர் சுழற்றிவிட்டார் என்பது அதற்குத் தெரியாது. கோப்புப் பெயரில் தேதி சேர்க்காமல் 1, 2, 3 என்று எண் வைத்துச் சுழற்றும் அமைப்பாக இருந்தால், ஒரே இரவில் ஆறு முறை சுழன்று, 7 நாள் இருக்க வேண்டிய பழைய லாக் ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துபோகும். உங்கள் பழைய கோப்புகளின் தேதிகளை இன்றே சரிபாருங்கள். எனக்கு ^@ குறிகளைவிட இதுதான் அதிகக் கவலை தருகிறது.

வரிகள் கலப்பது இரண்டாவது கோளாறு. இதற்கு > குறியைத் திருத்தினால் மட்டும் போதாது. உள்ளூர் டிஸ்கில் அப்பெண்ட் முறை நம்பகமானது. என்எஃப்எஸ் நெறிமுறையில் 'கடைசியில் சேர்' என்ற ஆணையே கிடையாது. ஒவ்வொரு சர்வரும் கோப்பின் அளவைக் கேட்டறிந்து, அந்த இடத்தில் எழுதுகிறது. இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே அளவைப் பார்த்தால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடும். லினக்ஸின் ஓப்பன் சிஸ்டம் காலுக்கான கையேட்டுப் பக்கமே, என்எஃப்எஸ்-இல் பலர் ஒரே கோப்பில் அப்பெண்ட் செய்தால் கோப்பு சிதையலாம் என்று எச்சரிக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிவது வெட்டுப்பட்ட வரிகள் மட்டுமே. முழுதாக மேலெழுதப்பட்டு, சுவடே இல்லாமல் போன வரிகள் எத்தனையோ! சர்வர் பெயரையும் தொடர் எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் சேர்த்து ஒரு நாள் ஓடவிடுங்கள். எண்களில் விழும் இடைவெளி இழப்பைக் காட்டிவிடும்.

மூன்றாவது, கரண்ட் போனபின் வந்த ஜர்னல் செய்தி. அதை முழுதாகப் படித்தால் 'கரப்டட் ஆர் அன்க்ளீன்லி ஷட் டவுன்' என்று இருக்கும். முறையாக மூடப்படாத கோப்பைக் கண்ட ஜர்னல்டி, அதைப் பெயர் மாற்றி, இறுதியில் ~ குறி சேர்த்து ஒதுக்கிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்குகிறது. பழையதை ஜர்னல்கன்ட்ரோலின் 'வெரிஃபை' தெரிவால் சோதியுங்கள். பெரும்பாலும் கடைசிச் சில பதிவுகள் தவிர மற்றவை படிக்கக் கிடைக்கும். அந்த ~ கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். மின்தடைக்குச் சற்று முன்புவரை நடந்தது அதில்தான் இருக்கிறது.

டிஸ்க் உண்மையிலேயே கெட்டால் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 512 அல்லது 4096 பைட் எல்லையில் சரியாகத் தொடங்கி முடியும் குப்பைத் துண்டுகள் தெரியும். லாக் மட்டுமல்லாமல் வேறு கோப்புகளும் கெடும். கர்னல் செய்திகளில் ஐ/ஓ பிழைகள் வரலாம். ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்களின் மதிப்புகள் ஏறும். 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். வரியின் நடுவே ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால், அதிலும் ஒரே ஒரு பிட் வேறுபாடு என்றால், மெமரியைச் சந்தேகியுங்கள். ஓசையில்லாத டிஸ்க் சிதைவு கற்பனை அல்ல. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்து, 4 லட்சத்துக்கும் அதிகமான செக்சம் பிழைகளைக் கண்டது. ஆனால் அப்படிப்பட்ட சிதைவு நாள்தோறும் நள்ளிரவு பார்த்து வராது.

இனிச் செய்ய வேண்டியது. ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த டிஸ்கில், தன் பெயர் கொண்ட தனிக் கோப்பில் எழுதட்டும். அங்கிருந்து ஆர்சிஸ்லாக் வழியாக ஒரு சேகரிப்புச் சர்வருக்கு அனுப்புங்கள். யுடிபியில் அனுப்பாதீர்கள், அதில் தொலைந்தது தொலைந்ததுதான். டிசிபி, முடிந்தால் ரெல்ப். கூடவே நெட்வொர்க் விழுந்தால் டிஸ்கில் தேக்கி வைக்கும் வரிசையையும் இயக்குங்கள். காப்பிடிரங்கேட்டை எடுத்துவிட்டு, கோப்பைப் பெயர் மாற்றியபின் நிரலுக்குச் சிக்னல் கொடுத்துப் புதிய கோப்பைத் திறக்கச் செய்யுங்கள். ஆறு சர்வரின் கடிகாரங்களையும் க்ரோனியால் ஒன்றாக்குங்கள். மேலே சொன்ன செர்ட்-இன் உத்தரவும் நேர ஒத்திசைவைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

பழைய கோப்பிலிருந்து மீட்க, நகலின் மேல் டிஆர் கட்டளையால் சுழியப் பைட்டுகளை நீக்குங்கள். அவசரத் தேடலுக்கு கிரெப்பில் '-ஏ' தெரிவு போதும். வெட்டுப்பட்ட வரிகளை ஊகித்து ஒட்டவைக்காதீர்கள். தனிக் கோப்பில் ஒதுக்கி வையுங்கள். நாளை தணிக்கையில் யாராவது கேட்டால் அதுதான் நேர்மையான பதில்.

மேலாளரிடம் எஃப்டிஇன்ஃபோ காட்டும் அந்த இரண்டு வரிகளையும் ஸ்மார்ட் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மேலே சொன்ன மாற்றங்களைச் செய்தபிறகும் உள்ளூர்க் கோப்பில் சிதைவு வந்தால், அப்போது ஸ்டோரேஜ் வாங்குவது பற்றிப் பேசலாம்.