ஒட்டிக்கொண்ட கிளட்ச்: பழைய புல்லட்டைத் தொடும் தம்பிகளுக்கு

1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். தாம்பரத்தில் அவற்றைப் பிரித்துப் பூட்டியே எனக்குத் தலை நரைத்தது. கிளட்ச் விஷயத்தில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

1. நோயை முதலில் அடையாளம் காணுங்கள். லீவரைப் பிடித்தும் வண்டி முன்னே இழுக்கிறதா, நியூட்ரல் விழ மறுக்கிறதா? அது ஒட்டல். இன்ஜின் அலறியும் வேகம் ஏறவில்லையா? அது வழுக்கல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

2. ஸ்டார்ட் செய்யுமுன் பிளேட்டுகளைப் பிரித்துவிடுங்கள். சாவியை அணைத்து, நியூட்ரலில், கிளட்சை முழுக்கப் பிடித்தபடி கிக்கரை நாலைந்து முறை மிதியுங்கள். கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கால் லேசாக இறங்கினால் பிளேட் பிரிந்துவிட்டது. இன்ஜின் கனம் காலில் தெரிந்தால் இன்னும் ஒட்டியிருக்கிறது.

3. ஒட்டிய வண்டியை அவசரப்பட்டு ஃபர்ஸ்ட் கியரில் போடாதீர்கள். தொழில் பழகிய நாளில் நான் போட்டேன். வண்டி பாய்ந்து சுவரில் மோதியது. எதிரே ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

4. பெரிய வேலைக்குப் போகுமுன் கேபிளைப் பாருங்கள். நரம்பு பிரிந்திருந்தால் மாற்றுங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் விடுங்கள். லீவரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தளர்வு போதும். தளர்வு அதிகமானால் பிளேட் முழுசாக விலகாது. தளர்வே இல்லாவிட்டால் வழுக்கும்.

5. பிரைமரி செயின் கேஸுக்குத் தனி ஆயில் உண்டு, மறக்காதீர்கள். பழசாகிப் பிசினான ஆயிலே பல வண்டிகளில் பிளேட்டை ஒட்டவைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கியதுபோல் வண்டி நீரில் நின்றிருந்தால், உதைத்துப் பார்க்கவே வேண்டாம். ஆயிலை வடியுங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புப் பிளேட்டில் துரு ஏறியிருக்கும். திறந்து சுத்தம் செய்தே தீரவேண்டும்.

6. திறந்தால் நிதானமாகத் திறவுங்கள். பழைய செய்தித்தாளை விரித்து, எடுத்த வரிசையிலேயே பிளேட்டுகளை அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடிமேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியபின் ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லிக் கவனியுங்கள். மேல் தட்டு ஒருபக்கம் சாய்ந்து எழுந்தால், ஸ்பிரிங்குகளைச் சரிபாருங்கள்.

7. ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில் கிளட்சைப் பிடித்தபடியே நிற்காதீர்கள். சூட்டில் பிளேட் வளையும். நிற்பதற்கு முன்பே, வண்டி உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். வலப்பக்கம் அதற்கென்றே ஒரு தனி மிதி இருக்கிறது. ஃபர்ஸ்ட் தவிர மற்ற கியர்களிலிருந்து கிளட்சைப் பிடித்து அதை மிதித்தால் நியூட்ரல் வரும்.

ஒட்டிய பிளேட்டைப் பிரிக்க பலம் வேண்டாம் தம்பிகளே. எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுமை இருந்தால், உங்கள் தாத்தா ஓட்டிய வண்டியை உங்கள் பிள்ளையும் ஓட்டுவான்.